மாறுவேஷம் பார்க்கிற வேலை

ஆறாவதும் சரியாகப் போய்விட்டது என்று தெரிந்ததும் யுவராணிக்குப் பயம் கூடியது. எந்த ஊரில் நடக்கும் இந்தக் கூத்து, ஒருத்தி சொல்வது பலிக்கப் பலிக்க அவள் கள்ளி ஆவது. அவளுக்குப் பின்னால் இரண்டு நாற்காலி. இடப்பக்கம் கதிரேசன் சார், டீம் லீடர், பேனாவின் மண்டையை அமுக்கி அமுக்கி டக் டக் என்று சத்தம் பண்ணிக்கொண்டிருந்தார். வலப்பக்கம் ஜெரோம், கம்பெனி பண்ணுகிற வீடியோ கேமில் ஆட்கள் போடுகிற இந்த மாறுவேஷத்தையெல்லாம் எட்டு மாதம் உட்கார்ந்து எழுதிய புரோகிராமர். அவன் கால் ஆடுகிற ஆட்டத்தில் அவள் மேஜையே லேசாக அதிர்ந்தது. உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டாதே, குடும்பத்துக்கு ஆகாது என்று அவனுக்கு வீட்டில் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மொத்தம் இருபது ஆட்டம். அவள் போனை வாங்கி டிராயரில் போட்டுப் பூட்டியாகிவிட்டது. பக்கத்திலிருந்த இரண்டாவது மானிட்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தற்காப்பு ஆட்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்று பந்து நகர்வதற்கு முன்பே கம்ப்யூட்டர் தனக்குத்தானே ஒரு லாக்கில் எழுதிக்கொள்ளும், அதையும் நிறுத்தியாகிவிட்டது. அந்த லாக்கைப் பக்கத்து மானிட்டரில் திறந்து வைத்துப் பார்த்துப் பார்த்துத்தான் இவள் சொல்கிறாள் என்பது பேச்சு. குற்றம் என்று வாய்விட்டு யாரும் சொல்லவில்லை. சின்ன வெரிஃபிகேஷன்தான், தப்பா எடுத்துக்காதீங்க என்றார் கதிரேசன் சார். தப்பாக எடுக்காமல் இதை வேறெப்படி எடுப்பதாம்? இருபதும் முடிந்ததும் அவர் மேலிடத்துக்கு ஒரு மெயில் அனுப்புவார், அதில் இவள் யோக்கியம் என்று இருக்கும் அல்லது யோக்கியம் இல்லை என்று இருக்கும். இல்லை என்று இருந்தால் வேலை போகும். வேலை போனால் போகட்டும், பேரும் சேர்ந்து போகும். கோயமுத்தூரில் இந்த வேலை செய்கிற கம்பெனி நாலோ அஞ்சோதான், அதில் இருக்கிறவர்கள் எல்லாம் ஒரே பேக்கரியில் டீ குடிக்கிறவர்கள்.

ஏழாவது ஆட்டம் திரையில் வந்து நின்றது. பச்சை மைதானம், வெள்ளைக் கோடு, இந்தப் பக்கம் பதினோரு பேர், அந்தப் பக்கம் பதினோரு பேர், எல்லோர் தலையிலும் ஹெல்மெட். இதைத்தான் அமெரிக்காவில் ஃபுட்பால் என்கிறார்கள், கையில் பிடித்து எறிகிற ஆட்டத்துக்குக் கால்பந்து என்று பேர் வைத்தவர்களை என்ன சொல்ல. பந்து வைத்திருக்கிற கட்சியில் ஒருத்தன் எறிவான். அவனைக் குழப்பத்தான் எதிர்க்கட்சி வேஷம் போடும். பந்து நகர்கிற வரைக்கும் ஒரு மாதிரி நின்றுகொண்டிருப்பார்கள், நகர்ந்த மறுநொடி வேறு மாதிரி ஆகிவிடுவார்கள். கடைக்கோடியில் இரண்டு பேர் ஆளுக்குப் பாதி மைதானம் என்று காவல் நிற்பதுபோல் நிற்பார்கள், அதற்குக் கவர் டூ என்று பேர். பந்து கிளம்பியதும் அதில் ஒருத்தன் இறங்கி நடுக்கூட்டத்துக்குள் ஓடுவான், மற்றவன் நடுவுக்கு வருவான், ஓரத்தில் நின்றவர்கள் பின்னால் போவார்கள், அதற்குள் அது கவர் த்ரீ ஆகியிருக்கும். எறிந்தவன் எறிந்த பிறகு ஐயோ என்பான். வேஷம் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் யுவராணிக்கு வேலை. ஆறு விநாடி பார்க்க வேண்டும், கவர் ஒன்றா இரண்டா மூன்றா நான்கா என்று சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு பந்தை நகர்த்த வேண்டும். பத்துக்கு நாலோ அஞ்சோ சரியானால் வேஷம் நிஜம் போல இருக்கிறது என்று அர்த்தம். பத்துக்கு ஒன்று என்றால் அது வேஷமல்ல, மாயமந்திரம், மனுஷன் அப்படி ஆட முடியாது. மற்ற டெஸ்டர்கள் நாலு, அஞ்சு என்று ஒழுங்காகத் தவறிக்கொண்டிருக்க, மூன்று வாரமாக யுவராணி மட்டும் பத்துக்குப் பத்து. கவர் டூ, மாற மாட்டாங்க, வேஷமே இல்ல என்றாள். பந்து நகர்ந்தது. யாரும் மாறவில்லை. டக் டக் என்றது பேனா.

கவர் என்ற அந்தச் சொல்லால்தான் எல்லா வினையும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஜெரோம் கவரைப் பாருங்க, கவர் என்னன்னு சொல்லுங்க என்றதும் இவள் தலையை ஆட்டிவிட்டாள். கவர் தெரியாதா இவளுக்கு? ஈரோட்டுக் காலேஜில் மூன்று வருஷம் கபடி ஆடியவள். ஏழு பேர் கைகோத்து நிற்கையில் இரண்டு முனையிலும் நிற்பவர்கள் கார்னர், அடுத்தது இன், அதற்கடுத்தவள் கவர். பாடி வருகிறவளை மோதித் தள்ளுகிறவள் கவர்தான், பெரும்பாலும் ஆள் கனமாக இருப்பாள். ஆகவே யுவராணி முதல் வாரம் முழுக்க வரிசையில் முனையிலிருந்து மூன்றாவதாக நிற்கிறவனையே பார்த்தாள். எல்லோரும் பார்க்கிற கடைக்கோடி ஆட்களை அவள் திரும்பியும் பார்க்கவில்லை. தப்பாகச் சொல்லித் தள்ளினாள், பத்துக்கு இரண்டு வந்தது. பிறகு பக்கத்து சீட் பிள்ளை விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கவர் என்பது இங்கே ஆளின் பெயர் இல்லை, மொத்தக் காவலின் பெயர் என்று விளக்கிச் சொன்னாள். அன்றைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அந்த ஒரு வாரத்தில் கண் கெட்டுப்போய்விட்டது. மற்றவர்கள் பின்னால் நிற்கும் இரண்டு பேரையே உற்றுப் பார்க்கிற நேரத்தில் இவள் கண் பதினோரு பேர் மேலும் ஊர்ந்துவிட்டு வரும், பாடிப் போகும்போது ஏழு பேர் மேலும் ஊர்ந்ததுபோல. ஊர்ந்துவிட்டு வரும்போது விடையோடு வரும். எங்கேயிருந்து எடுத்துக்கொண்டு வந்தது என்று கேட்டால் கண்ணுக்குச் சொல்லத் தெரியாது.

எட்டு சரி. ஒன்பது சரி. இப்படியே இருபதும் சரியென்றால் என்ன நினைப்பார்கள்? லாக் இல்லாமலே சொல்லிவிட்டாளே, பாவம், நாம்தான் சந்தேகப்பட்டுவிட்டோம் என்றா நினைப்பார்கள்? மாட்டார்கள். வேறு எங்கோ ஓட்டை போட்டு வைத்திருக்கிறாள், பலே ஆள் என்றுதான் நினைப்பார்கள். அப்படியானால் நாலைந்து தப்பாகச் சொல்லிவிடலாமா? சொன்னால் பார்த்தீர்களா, லாக்கை நிறுத்தியதும் சாயம் வெளுத்துப்போச்சு என்பார்கள். சரியாகச் சொன்னாலும் மாட்டினாள், தப்பாகச் சொன்னாலும் மாட்டினாள், கொள்ளிக்கட்டை இரண்டு பக்கமும் எரிகிறது, நடுவில் எறும்பாக அவள். ஒரே ஒரு வழி இருக்கிறது. எப்படித் தெரிகிறது என்று சொல்லிவிட வேண்டும். அதைத்தான் மூன்று நாளாகக் கேட்கிறார்கள். எப்படிங்க யுவராணி, எதைப் பார்த்துச் சொல்றீங்க என்று ஜெரோம் மரியாதையாகத்தான் கேட்டான். சும்மா தெரியுதுங்க என்றாள். அவள் வாயிலிருந்து வந்ததிலேயே மகா முட்டாள்தனமான பதில் அதுதான், உண்மையும் அதுதான். கண்ணில் நீர் வற்றி எரிந்தது. மூக்கு நுனி அரித்தது. சொறியக் கையைத் தூக்கினால் அதையும் ஏதாவது சைகை என்பார்களோ என்று கையை மேஜையிலேயே ஒட்ட வைத்துக்கொண்டிருந்தாள். ஏசி முதுகில் அடித்தும் கழுத்தில் வேர்த்தது. பத்தாவது, கவர் ஒன். சரி.

ஜெரோம் மேல் கோபம் வரமாட்டேன் என்கிறதே, அதுதான் பெரிய தொந்தரவு. கெட்டவனாக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவன் இந்த வேஷங்களைப் பெற்ற பிள்ளைபோல வளர்த்தான். முதலில் எழுதியபோது அவனுடைய ஆட்கள் வேஷம் கலைத்ததும் ரயில் வேகத்தில் பறந்து போய்ச் சரியான இடத்தில் நின்றார்கள். இவன் மனுஷன் மாதிரி ஓடலை என்று குறிப்பு எழுதியவள் யுவராணிதான். மறுநாள் அவன் அவள் சீட்டுக்கே வந்து நின்று, நீங்க சொன்னது நூத்துக்கு நூறு, வேஷம் போட்டவன் கொஞ்சம் லேட்டாத்தான் போய்ச் சேரணும், ஏமாத்தறதுக்கு அவன் குடுக்கிற விலை அது, அதுதான் நியாயம் என்றான். சொல்லும்போது அவன் முகத்தில் என்ன ஒரு பிரகாசம். வேலையை இவ்வளவு நேசிக்கிற ஒருத்தன் தன் எட்டு மாத வேலையை ஒரு பெண் ஆறு விநாடியில் ஊதித் தள்ளுவதைப் பார்த்தால் அவள் காப்பி அடிக்கிறாள் என்றுதான் நம்புவான். நம்பாவிட்டால் தன் வேலை குப்பை என்று நம்ப வேண்டும். அவள் அவனிடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். இருந்தாலும் ஒரு வார்த்தை அவளிடம் சொல்லிவிட்டு லீடரிடம் போயிருக்கலாம். டீம் மொத்தத்துக்கும் காப்பி வைத்து மெயில் போட்டானே, அது பொறுக்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் அவள் உட்கார்ந்ததும் பேச்சு நின்றது. யாரோ தயிர் வேணுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்று டப்பாவை மூடினாள்.

பதினொன்று சரி, பன்னிரண்டு சரி. சரி என்று வருகிற ஒவ்வொரு தடவையும் கபடி ஆடிய காலத்து நடுவர் ஒருத்தரின் விசில் காதில் கேட்டது. ஒரு மேட்சில், சேலத்தில், கடைசி நிமிஷம், பாடிப் போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். கோட்டை மிதிக்கிறதற்கு ஒரு அடி இருக்கும்போது பாட்டு விட்டுட்டே என்று விசில் ஊதிவிட்டார். விடவில்லை. கபடி கபடி என்று உதடு அசைந்துகொண்டேதான் இருந்தது, சத்தம் தேய்ந்திருக்கலாம், விடவில்லை. தெய்வத்து மேல சத்தியமா விடலீங்க சார் என்று சொன்னாள். அவருக்குக் காதில் கேட்கவில்லையாம், கேட்காதது பாட்டு இல்லையாம். தன் மூச்சு தனக்குத் தெரியாதா? தெரிந்து என்ன, அடுத்தவன் காதில் விழ வேண்டும். அன்றைக்கு மைதானத்தில் உட்கார்ந்து அழுதாள். இன்றைக்கு அழக்கூடாது, இந்த ஆபீசில் அழுதால் ஒத்துக்கொண்ட மாதிரி. பதிமூன்றாவது வந்தது, பார்த்தாள், கவர் ஃபோர் என்றாள், அதுவும் சரியாகப் போயிற்று. எதைப் பார்த்தேன், எதைப் பார்த்தேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். காலையா? கால்கள் எல்லாம் ஒரே மாதிரி அகலித்துத்தான் இருக்கின்றன. தலை திரும்பியிருக்கிறதா? ஜெரோம் அதையெல்லாம் எப்போதோ சரிசெய்துவிட்டான். கண்? ஹெல்மெட்டுக்குள் கண் எங்கே தெரிகிறது. எவ்வளவு உற்றுப் பார்க்கிறாளோ அவ்வளவுக்குப் பிடி நழுவியது. இன்னும் கொஞ்சம் போனால் விடையும் வராமல் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. பதினான்காவது ஆட்டம். ஆட்கள் வந்து நின்றார்கள். ஒருத்தன் கையைத் தொடையில் துடைத்தான். ஒருத்தன் எடையை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாற்றினான். கவர் த்ரீ, வலதுபக்கத்து ஆள் இறங்குவான் என்றாள், இறங்கினான். இறங்கி முடிப்பதற்குள் அவள் சடாரென்று திரும்பி, என்னங்க சார் என்று கேட்டாள்.

கதிரேசன் சார் திடுக்கிட்டார். வாய் பாதி திறந்திருந்தது.

“நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையேம்மா.”

“சொல்லப் போனீங்கள்ல.”

ஆமாம், போதும், இத்தோட நிறுத்திக்கலாம் என்று சொல்ல வந்ததாக அவர் ஒத்துக்கொண்டார். அது எப்படி உங்களுக்குத் தெரிஞ்சது என்று கேட்டது ஜெரோம். அவன் குரலில் குத்தல் இல்லை, நிஜமான ஆச்சரியம். மூன்று நாளாகக் கேட்ட அதே கேள்வி, ஆனால் இந்தத் தடவை அவளுக்குப் பதில் தெரிந்தது. பேனாச் சத்தம் நின்னுதுங்க என்றாள். சொன்ன வாய் அப்படியே நின்றது. காலையிலிருந்து நிற்காத டக் டக். அவர் ஒரு முடிவுக்கு வந்தார், வந்ததும் கை ஓய்ந்தது, ஓய்ந்ததும் இவள் திரும்பினாள். சத்தத்தை யாரும் கேட்பதில்லை, நின்றால்தான் கேட்கும். அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கபடியில் பிடிக்கப் போகிறவள் எவள் என்று எப்படித் தெரியும்? ஏழு பேரில் ஆறு பேர் தவ்வுவார்கள், கூப்பிடுவார்கள், கையை ஆட்டுவார்கள். ஒருத்தி மட்டும் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு இருப்பாள். அவள் பக்கம் காலை விடக்கூடாது. அடப்பாவி, இதுதானா, இவ்வளவுதானா. திரையில் மறுபடி ஆட்கள் வந்து நின்றார்கள். அவள் எண்ணிப் பார்த்தாள். கை துடைக்கிறவன், எடை மாற்றுகிறவன், ஹெல்மெட்டைத் தொட்டுக்கொள்கிறவன், விரல் மடக்குகிறவன், எல்லோரும் ஏதாவது செய்துகொண்டிருந்தார்கள். இடதுபக்கக் கடைக்கோடியில் ஒருத்தன் மட்டும் எதுவுமே செய்யவில்லை.

சொல்லலாமா என்று ஒரு கணம் நாக்கு தயங்கியது. சொன்னால் ஜெரோம் அதை அடைத்துவிடுவான். அடைத்தால் நாளையிலிருந்து இவளும் நாலு, அஞ்சு என்று தவறுகிற ஆள்தான். இத்தனை நாள் யாருக்கும் இல்லாத ஒரு கண் தனக்கு இருக்கிறது என்று, வெளியே சொல்லாவிட்டாலும், உள்ளுக்குள் ஒரு கர்வம் இருந்தது அவளுக்கு. சின்ன வயதிலிருந்து எதிலும் முதலாக வராதவள், இதில் வந்தாள். அதைத் தானே எடுத்துத் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் கண் இருக்கும், பேர் போகும். கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது, திருடி என்கிற பேரோடு. மனசு வலித்தது, வலிக்க வலிக்கச் சொன்னாள்.

“நகரப் போறவன் மட்டும் சும்மா நிக்கிறான் பாருங்க ஜெரோம். மத்தவங்க எல்லாம் எதையாவது சொறிஞ்சுக்கிட்டு இருக்காங்க.”

ஜெரோமின் கால் ஆட்டம் அடங்கிவிட்டது. அவன் எழுந்து வந்து அவள் தோளுக்கு மேலே குனிந்து திரையைப் பார்த்தான், அடுத்ததைப் போடுங்க, கணக்குல வேண்டாம், இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு என்றான். பிறகு தன் லேப்டாப்பைத் திறந்து எதையோ தேடினான். தேடிக்கொண்டே முணுமுணுத்தான். நகரச் சொல்லி ஒருத்தனுக்குக் கட்டளை வந்து வரிசையில் காத்திருக்கும், கட்டளை காத்திருக்கிற ஆளுக்கு மட்டும் இந்தச் சின்னச் சின்ன அசைவுகளை மெஷின் கொடுக்காது, அது பழைய விதி, அதை மாற்ற மறந்தது நான்தான் என்றான். கடைசி மூன்று சொல்லை அவன் விழுங்கிவிட்டு மறுபடி தெளிவாகச் சொன்னான், நான்தான் சார். இரண்டு வரி மாற்றினான். திருத்திய கேம், புது பில்டு என்பார்கள், அது ஏற கால் மணி நேரம் ஆனது. இப்போதுதான் யுவராணி தன் மூக்கைச் சொறிந்துகொண்டாள்.

பதினைந்தாவது ஆட்டம். கண் பதினோரு பேர் மேலும் ஊர்ந்துவிட்டு வெறுங்கையோடு வந்தது. எல்லோரும் கை துடைக்கிறார்கள், எல்லோரும் எடை மாற்றுகிறார்கள், ஒருத்தனும் சும்மா இல்லை. வீட்டில் கரண்ட் போனதும் தெரிந்த அறையிலேயே சுவரைத் தடவுவதுபோல இருந்தது அவளுக்கு. ஆறு விநாடி ஓடிப்போனது. குத்துமதிப்பாகக் கவர் த்ரீ என்றாள். கவர் டூ. பதினாறாவது எப்படியோ சரி. பதினேழு தப்பு, பதினெட்டு தப்பு. ஒவ்வொரு தப்புக்கும் பின்னால் உட்கார்ந்திருந்த கதிரேசன் சாரின் நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாக இளகிச் சாய்ந்தது. பத்தொன்பது சரி. இருபது தப்பு, அதுவும் படுதப்பு, அவள் இடது என்று சொன்னால் ஆள் வலதில் ஓடினான். கதிரேசன் சார் வாய்விட்டுச் சிரித்தார். இப்பத்தாம்மா மனசுக்கு நிம்மதியா இருக்கு, எனக்கு அப்பவே தெரியும், நீங்க அப்படிப்பட்ட ஆள் இல்லை என்றார். ஜெரோம் தரையைப் பார்த்து ஸாரிங்க என்றான், அதை அவன் மனசாரத்தான் சொன்னான். டீ சொல்லட்டுமா என்றார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. சரியாகச் சொன்ன பதினாலு தடவையும் அவள் திருடி. நாலு தடவை தப்பாகச் சொன்னதும் நல்லவள் ஆகிவிட்டாள். தப்பைத்தான் நம்பினார்கள், அவளை அல்ல. நாளைக்கே இன்னொரு கண் முளைத்தால் மறுபடி இந்த நாற்காலி, மறுபடி போனை வாங்கி டிராயரில் போடுவார்கள்.

கதிரேசன் சார் மெயில் எழுத உட்கார்ந்தார். இஷ்யூ கண்டுபிடிக்கப்பட்டுச் சரிசெய்யப்பட்டது, திருத்தத்துக்குப் பிறகு டெஸ்டரின் கணிப்பு இயல்பான அளவில் இருக்கிறது, ஆறுக்கு இரண்டு, அவ்வளவு போதுமே என்று அவளைப் பார்த்தார். யுவராணி தன் நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

“முதல்ல பதினாலுக்குப் பதினாலு சரின்னு எழுதுங்க சார். லாக் இல்லாம, போன் இல்லாம, நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல இருக்கறப்ப சொன்னதுன்னு எழுதுங்க. அதுக்கப்புறம் இந்த ரெண்டை எழுதிக்கலாம்.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து ஜெரோமைப் பார்த்தார். எழுதுங்க சார், கண்டுபிடிச்சது அவங்கன்னும் எழுதுங்க என்றான் ஜெரோம். டீ வந்து ஆறியது. கதிரேசன் சார் ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதி முடித்து, அத்தனை பேர் பெயரையும் மேலே போட்டு, அனுப்புகிற வரைக்கும் அவள் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.